விண்டோஸ் 11-லிருந்து 10-க்குத் திரும்பலாமா? அதற்கு முன் ஹார்டு டிஸ்க்கைப் பாருங்கள்

வாசகர் கேள்வி

சிறு நகரம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டிலேயே டி.டி.பி. வேலை பார்க்கிறார், கூடவே ஏழெட்டுக் கடைகளுக்கு டேலியில் கணக்கெழுதி ஜி.எஸ்.டி. தாக்கல் செய்து கொடுக்கிறார். அவருடைய லேப்டாப் 2019-இல் வாங்கியது. இன்டெல் எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க். வாங்கும்போதே விண்டோஸ் 10 ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் இருந்தது. 24 நாளுக்கு முன் திரையில் வந்த 'இலவச அப்கிரேடு' அழைப்புக்கு அவருடைய மகன் சம்மதம் கொடுத்துவிட, மறுநாள் காலை லேப்டாப் விண்டோஸ் 11-க்கு மாறியிருந்தது.

அதிலிருந்து ஆன் செய்து வேலையைத் தொடங்கவே பத்து நிமிடம் ஆகிறதாம். பழைய லேசர் பிரிண்டர் அச்சடிக்க மறுக்கிறது. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் ஓடுமா என்று திறந்து பார்க்கவே பயமாக இருக்கிறது என்கிறார். பழைய விண்டோஸுக்குத் திரும்பும் 'கோ பேக்' பட்டனைக் காணவில்லை, ரீஸ்டோர் பாயின்டும் இல்லை. தெரிந்த கடைக்காரர், "700 ரூபாய் கொடுங்கள், ஃபார்மட் செய்து ஒரிஜினல் விண்டோஸ் 10 ப்ரோ போட்டுத் தருகிறேன். டி டிரைவுக்கு ஒன்றும் ஆகாது" என்கிறார். இன்னொருவரோ, "விண்டோஸ் 10-ஐத்தான் நிறுத்திவிட்டார்களே, போட்டாலும் ஓடாது" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, தன் லைசென்ஸ் போய்விட்டதா, பிரிண்டருக்கு என்ன வழி என்பவை அவருடைய கேள்விகள்.

ஆலோசனை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் லைசென்ஸ் எங்கும் போகவில்லை. விண்டோஸ் 10-க்குத் திரும்ப வழியும் இருக்கிறது. ஆனால் அந்தப் பத்து நிமிடக் காத்திருப்புக்கு விண்டோஸ் 11-ஐ மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். கடைக்காரரிடம் லேப்டாப்பைக் கொடுப்பதற்கு முன் இதை முழுக்கப் படித்துவிடுங்கள்.

பட்டன் ஏன் காணவில்லை

10-லிருந்து 11-க்கு மாறும்போது பழைய விண்டோஸ் முழுவதும் சி டிரைவில் 'விண்டோஸ் டாட் ஓல்டு' என்ற ஃபோல்டருக்குள் போய்விடும். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ரெக்கவரி என்ற இடத்தில் வரும் கோ பேக் பட்டன், இந்த ஃபோல்டரைத் திரும்ப எடுத்து வைக்கும் வேலையைத்தான் செய்கிறது. அதற்கு 10 நாள் அவகாசம். பிறகு விண்டோஸே ஃபோல்டரை அழித்து இடத்தைக் காலி செய்துவிடும். 10 நாளுக்குள்ளேயே டிஸ்க் கிளீனப்பில் 'முந்தைய விண்டோஸ் நிறுவல்' என்பதை டிக் செய்து அழித்தாலும் பட்டன் போய்விடும். அவகாசத்தை 60 நாள் வரை நீட்டிக்க ஒரு கட்டளை உண்டு. அதையும் முதல் 10 நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும். உங்களுக்கு 24 நாள் ஆகிவிட்டதால் அந்த வழி அடைபட்டுவிட்டது. பட்டனைத் திரும்பக் கொண்டுவருவதாகச் சொல்லும் மென்பொருள் எதையும் இறக்காதீர்கள். ஃபோல்டரே இல்லாதபோது பட்டன் வந்தும் பயனில்லை.

சிஸ்டம் ரீஸ்டோரும் உதவாது. இப்படிப் பெரிய அப்கிரேடு நடக்கும்போது பழைய ரீஸ்டோர் பாயின்டுகள் அழிந்துவிடும். அதே பக்கத்தில் 'ரீசெட் திஸ் பிசி' என்று ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் 10 வரும் என்று பலர் நம்புகிறார்கள். வருவது புதிதாக நிறுவிய 11-தான், போவது உங்கள் மென்பொருள்கள். அதைத் தொடாதீர்கள்.

ஆக, திரும்புவதென்றால் விண்டோஸ் 10-ஐப் புதிதாக நிறுவுவதுதான் வழி. டேலி, பேஜ்மேக்கர், பிரிண்டர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் டிரைவர் (கருவியை இயக்கும் சிறு மென்பொருள்) என்று எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டியிருக்கும். ஒரு முழு நாள் வேலை அது. ஜி.எஸ்.டி. கடைசித் தேதியை ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டாம்.

மெதுவாக இருப்பதற்குக் காரணம்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். பெர்ஃபாமன்ஸ் பகுதியில் டிஸ்க் என்பதைப் பாருங்கள். லேப்டாப் ஆன் ஆன முதல் பத்து நிமிடம் அது 100 சதவீதத்திலேயே நின்று, சி.பி.யு. 20, 30-ஐத் தாண்டாமல் இருந்தால், தடை ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது என்று பொருள்.

லேப்டாப்புகளில் வரும் 1 டிபி ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுழல்வது. அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளை எடுக்கச் சொன்னால், நொடிக்கு நூறு முறைகூட அதனால் எடுத்துத் தர முடியாது. சுழலும் தட்டே இல்லாத சாதாரண எஸ்.எஸ்.டி. அதே நொடியில் பல்லாயிரம் முறை எடுத்துவிடும். விண்டோஸ் தொடங்கும்போது நடப்பது முழுக்க இந்தச் சில்லறைப் படிப்புதான். விண்டோஸ் 11 பின்னணியில் ஓட்டும் வேலைகள் 10-ஐ விடக் கூடுதல் என்பது உண்மை. ஆனால் ஹார்டு டிஸ்க்கில் 10-ம் வேகமாக ஓடியிருக்காது. ஆறேழு வருடத்தில் நீங்கள் அதற்குப் பழகியிருப்பீர்கள். 10-க்குத் திரும்பினால் பத்து நிமிடம் ஐந்து நிமிடமாகக் குறையலாம். எஸ்.எஸ்.டி. போட்டால் எந்த விண்டோஸாக இருந்தாலும் அரை நிமிடத்துக்குள் வேலை தொடங்கிவிடலாம்.

இன்னொன்றையும் சோதியுங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சிறிய இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும். நீலத்தில் 'குட்' என்று இருந்தால் சரி. மஞ்சளில் 'காஷன்' என்று வந்தால் டிஸ்க்கில் செக்டர்கள் கெடத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். அப்படி வந்தால் இந்தக் கட்டுரையை ஓரமாக வைத்துவிட்டு முதலில் கோப்புகளை வெளியே நகல் எடுங்கள். கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் ஃபார்மட், புதிய நிறுவல் என்று இறங்கினால் அதுவே அதற்குக் கடைசி வேலையாகிவிடலாம்.

பிரிண்டரும் பேஜ்மேக்கரும்

இந்த இரண்டும் விண்டோஸ் 11-இல் ஓடாது என்று முடிவே கட்டிவிட்டீர்கள். சற்றுப் பொறுங்கள். பேஜ்மேக்கர் 7 ஒரு 32 பிட் நிரல். 32 பிட் நிரல்களை ஓட்டும் ஏற்பாடு 64 பிட் விண்டோஸ் 10-இல் இருந்ததுபோலவே 11-லும் இருக்கிறது. ஓடாமல் போவது அதற்கும் முந்தைய 16 பிட் நிரல்கள்தான். அவை 32 பிட் விண்டோஸ் 10-இல் ஓடும், 64 பிட்டில் ஓடாது. 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. 8 ஜிபி ரேம் உள்ள உங்கள் லேப்டாப்பில் 64 பிட் 10-தான் வந்திருக்கும். எனவே நேற்றுவரை ஓடியது இன்றும் ஓட வாய்ப்பு அதிகம். பயப்படாமல் திறந்து பாருங்கள். முக்கியமான ஃபைலைத் திறக்காமல் அதன் நகலைத் திறந்து சோதியுங்கள்.

பிரிண்டருக்கு மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, செட்டிங்ஸில் பிரிண்டர்ஸ் அண்டு ஸ்கேனர்ஸ் பக்கத்தின் கீழே 'விண்டோஸ் புரொடெக்டட் பிரின்ட் மோடு' என்று இருந்தால் அது ஆஃப் நிலையில் இருக்கட்டும். ஆன் ஆகியிருந்தால் நிறுவனம் கொடுத்த பழைய டிரைவர்கள் எதுவும் வேலை செய்யாது. இரண்டாவது, பிரிண்டரை 'ரிமூவ்' செய்து, யு.எஸ்.பி. ஒயரைக் கழற்றிவிட்டு, பிரிண்டர் நிறுவனத்தின் தளத்திலிருந்து 64 பிட் விண்டோஸ் 10 டிரைவரை இறக்கிப் போட்டுப் பாருங்கள். 11-க்கென்று தனி டிரைவர் இல்லாவிட்டாலும் 10-க்கானது பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். மூன்றாவது, விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி, அதற்குள் கோர் ஐசொலேஷன். அங்கே 'மெமரி இன்டக்ரிட்டி' என்பதற்குக் கீழே பொருந்தாத டிரைவர்களின் பட்டியல் இருக்கும். உங்கள் பிரிண்டர் டிரைவரோ டோக்கன் டிரைவரோ அதில் இருந்தால் காரணம் பிடிபட்டுவிடும். மெமரி இன்டக்ரிட்டியை அணைத்தால் அது ஓடும், ஆனால் பாதுகாப்பு ஒரு படி குறையும். கடைகளின் பான் எண்ணும் பாஸ்வேர்டும் உங்கள் லேப்டாப்பில் இருப்பதால், வேறு வழி இல்லாதபோது மட்டும் இதைச் செய்யுங்கள்.

700 ரூபாய் ப்ரோவும் உங்கள் லைசென்ஸும்

விண்டோஸ் 10-உடன் வந்த உங்கள் லேப்டாப்பில், அந்தப் பதிப்புக்கான சாவி மதர்போர்டில், லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் பயாஸ் சிப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். 11-க்கு மாறியது அந்தச் சாவியைச் செல்லாததாக்கவில்லை. 10-ஐ மறுபடி நிறுவினால் அதே சாவியை எடுத்து, இணையம் வந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். இதற்கு யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஒரே நிபந்தனை, பதிப்பு அதே 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' ஆக இருக்க வேண்டும். வெறும் 'ஹோம்' என்பது வேறு பதிப்பு. நம் ஊரில் விற்கும் லேப்டாப்புகளில் பாதிக் குழப்பம் இங்கேதான் வருகிறது: டெக்னீஷியன் அவசரத்தில் ஹோம் அல்லது ப்ரோவைப் போட்டுவிடுவார், சாவி பொருந்தாது, உடனே "உங்க லைசென்ஸ் எக்ஸ்பைரி ஆயிடுச்சு" என்பார்.

கடைக்காரர் போடும் ப்ரோ எப்படி 'ஒரிஜினல்' ஆகிறது என்று கேளுங்கள். 700 ரூபாயில் கூலியும் போக ப்ரோ லைசென்ஸ் வராது. ஒன்று, ஏதோ ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்த மொத்தச் சாவியாக இருக்கும். மைக்ரோசாஃப்ட் அதை முடக்கும் நாளில் திரை மூலையில் ஆக்டிவேஷன் எச்சரிக்கை வந்து நிற்கும். இல்லையென்றால் ஆக்டிவேட்டர் எனப்படும் கிராக். அதை ஓட்ட முதலில் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். பிறகு ஸ்கேன் செய்யாதே என்று ஒரு விலக்கும் போட்டுவிட்டுப் போவார்கள். மற்றவர்களின் வரிக் கணக்கு இருக்கும் கம்ப்யூட்டரில் இதற்கு இடம் தரக் கூடாது. 'எல்.டி.எஸ்.சி. போடறேன், 2032 வரைக்கும் அப்டேட் வரும்' என்று சொன்னாலும் சரி என்று சொல்லாதீர்கள். அப்படி ஒரு பதிப்பு உண்மையிலேயே உண்டு. அது தொழிற்சாலைக் கருவிகள், கல்லாப் பெட்டிகள் போன்றவற்றுக்காக நிறுவனங்களுக்கு விற்கப்படுவது. உங்கள் சாவி அதற்குச் செல்லாது.

விண்டோஸ் 11-உடனேயே லேப்டாப் வாங்கியவர்கள் இதைத் தங்களுக்கும் பொருத்திப் பார்க்க வேண்டாம். 11 ப்ரோவுடன் வாங்கியவர்களுக்கு முந்தைய ப்ரோவைப் பயன்படுத்தும் உரிமை ஒப்பந்தத்தில் உண்டு. மைக்ரோசாஃப்ட் அந்தப் பதிப்பை ஆதரிக்கும் காலம் வரைக்கும்தான் அது. 11 ஹோமுக்கு அந்த உரிமையே எழுதப்படவில்லை.

'நிறுத்திவிட்டார்கள்' என்பது பாதி உண்மை

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதனால் ஓடாமல் போகாது, ஆக்டிவேஷனும் நடக்கும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் மட்டும் சும்மா வராது. அதற்கு ஈ.எஸ்.யு. என்ற நீட்டிப்புத் திட்டத்தில் சேர வேண்டும். வீட்டுப் பயனாளர்களுக்கு அறிவித்த காலம் 2026 அக்டோபர் 13 வரை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து விண்டோஸ் பேக்கப் மூலம் செட்டிங்ஸைச் சேமிக்க ஒப்புக்கொண்டால் இலவசம். அப்படிச் சேமிக்க விரும்பாதவர்கள் அதே கணக்கில் நுழைந்து 1,000 ரிவார்ட்ஸ் புள்ளிகளையோ 30 டாலருக்குச் சமமான தொகையையோ கொடுத்துச் சேரலாம். விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும், அட்மினிஸ்ட்ரேட்டராக நுழைந்திருக்க வேண்டும். டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்பதைக் காட்டி 'அப்போ பிரச்சினை இல்லை' என்பவர்கள் உண்டு. வைரஸ் பட்டியல் வேறு, விண்டோஸின் ஓட்டையை அடைப்பது வேறு.

அதனால்தான் என் யோசனை இது: எஸ்.எஸ்.டி. போடுங்கள், முதலில் 11-இலேயே சில நாள் ஓட்டிப் பாருங்கள். பிரிண்டர் மட்டும்தான் பிரச்சினை என்றால் அதற்காக ஒரு முழு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் பின்னுக்கு இழுக்காதீர்கள். மேலே சொன்ன எல்லாம் செய்தும் உங்கள் பிழைப்புக்கான ஒரு நிரல் 11-இல் ஓடவில்லை என்றால் மட்டும் 10-க்குப் போங்கள்.

10-க்குப் போவதென்றால்

பழைய ஹார்டு டிஸ்க்கை ஃபார்மட் செய்யவே செய்யாதீர்கள். புதிய எஸ்.எஸ்.டி.யில் 10-ஐ நிறுவிவிட்டுப் பழையதை அப்படியே கழற்றி வையுங்கள். அதுதான் உங்கள் முழு பேக்கப். சி டிரைவும் டி டிரைவும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகள்தான். நிறுவும் திரையில் ஒரு வரி தள்ளி 'டிலீட்' அழுத்தினால் டி டிரைவ் போய்விடும். கடைக்காரர் சொல்வது அவர் கை தவறாத வரைக்கும் சரி. பழைய டிஸ்க் உள்ளேயே இல்லையென்றால் தவறு நடக்க வழியே இல்லை.

உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டைப் பார்த்து வாங்குங்கள். ஹார்டு டிஸ்க் இருக்கும் இடத்தில் 2.5 அங்குல, 7 மில்லிமீட்டர் தடிமன் சாட்டா எஸ்.எஸ்.டி. பொருந்தும். எம்.2 ஸ்லாட் இருந்தால் அது சாட்டா இணைப்பா என்.வி.எம்.இ. இணைப்பா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், மாற்றி வாங்கினால் லேப்டாப் அதைக் கண்டுகொள்ளாது. உங்கள் வேலைக்கு 512 ஜிபி தாராளம்.

டிஸ்க்கைக் கழற்றும் முன் கவனிக்க வேண்டியவை:

என்கிரிப்ஷன். செட்டிங்ஸில் பிரைவசி அண்டு செக்யூரிட்டி, அதில் டிவைஸ் என்கிரிப்ஷன். ஆன் ஆகியிருந்தால் இப்போதே அணைத்து, பூட்டு முழுக்க நீங்கும்வரை காத்திருங்கள்; ஹார்டு டிஸ்க்கில் பல மணி நேரம் பிடிக்கும். அணைக்காமல் கழற்றினால், பிறகு அதை யு.எஸ்.பி. பெட்டியில் போட்டுத் திறக்கும்போது 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று பார்த்துக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

ஒன்டிரைவ். உங்கள் டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் ஒன்டிரைவுக்குள் போயிருக்கலாம். கோப்பின் பக்கத்தில் மேகப் படம் இருந்தால் அந்தக் கோப்பு டிஸ்க்கில் இல்லை. வலது கிளிக் செய்து 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுத்து இறக்கிக்கொள்ளுங்கள்.

தமிழ் எழுத்துருக்கள். டி.டி.பி. செய்பவர்கள் மறப்பது இதைத்தான். பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருக்கள் இல்லாமல் பழைய பேஜ்மேக்கர் ஃபைலைத் திறந்தால் கல்யாணப் பத்திரிகை முழுக்க ஆங்கில எழுத்துக் கிறுக்கலாக வரும். சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டரில் உள்ள ஃபான்ட்ஸில் மட்டும் தேடாதீர்கள். 2018-க்குப் பிறகு நீங்கள் போட்டவை உங்கள் யூசர் பெயருக்குள் மறைந்திருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரிலும் இருக்கலாம்.

டேலி. பேக்கப் எடுத்துப் பென் டிரைவில் வைத்த பிறகு லைசென்ஸை 'சரண்டர்' செய்துவிடுங்கள். புதிய நிறுவலில் மறுபடி ஆக்டிவேட் செய்ய அலைச்சல் இருக்காது.

டிரைவர்கள். லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் சீரியல் எண்ணைக் கொடுத்து வைஃபை, டச்பேடு, சிப்செட் டிரைவர்களை விண்டோஸ் 10-க்கானதாகப் பார்த்து முன்பே இறக்கிவிடுங்கள். நிறுவி முடித்தபின் வைஃபை இல்லையென்றால் வைஃபை டிரைவரை எப்படி இறக்குவீர்கள்? நிறுவும்போது டச்பேடு அசையாமல் போவதும் நடக்கும். ஒரு யு.எஸ்.பி. மவுஸ் பக்கத்தில் இருக்கட்டும்.

இனி நிறுவல். 8 ஜிபிக்குக் குறையாத ஒரு காலி பென் டிரைவ் எடுங்கள்; அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 10 பக்கத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 'வேறொரு கம்ப்யூட்டருக்கான மீடியா' என்பதைத் தேர்ந்து பென் டிரைவைத் தயார் செய்யுங்கள். டோரன்டில் கிடைக்கும் 'லைட்' பதிப்புகள் வேண்டாம். பிறகு லேப்டாப்பை அணைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, டிஸ்க்கை மாற்றுங்கள். ஆன் செய்யும்போது பூட் மெனுவுக்கான விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவாவில் எஃப்12, எச்.பி.யில் எஃப்9, ஆசஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12-தான், சில மாடல்களில் பயாஸில் அதை முதலில் அனுமதிக்க வேண்டும். பட்டியலில் யு.இ.எஃப்.ஐ. என்று தொடங்கும் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். பயாஸில் உள்ள பாதுகாப்பு அமைப்புகளான செக்யூர் பூட்டையும் டி.பி.எம்.மையும் அணைக்கத் தேவையில்லை. இரண்டும் ஆன் ஆக இருந்தாலும் 10 ஓடும்.

'கஸ்டம்' நிறுவலைக் கொடுத்தால் 'அன்அலகேட்டட் ஸ்பேஸ்' என்று ஒரே வரி வரும். அதைத் தேர்ந்து நெக்ஸ்ட். பகுதிகளை விண்டோஸே பிரித்துக்கொள்ளும். டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பயாஸில் சாட்டா மோடு 'ஆர்.எஸ்.டி.' அல்லது 'ஆப்டேன்' என்று இருக்கும், அதை ஏ.எச்.சி.ஐ. ஆக்குங்கள். பதினோராம் தலைமுறை இன்டெல்லும் அதற்குப் பிந்தையவையும் வைத்திருப்பவர்களுக்கு இதே சிக்கல் வி.எம்.டி. என்ற பெயரில் வரும். ஏற்கெனவே விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கை உள்ளே வைத்துக்கொண்டு இந்த அமைப்பை மாற்றினால் அந்த விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும்.

உங்கள் லேப்டாப்பில் சாவி பயாஸிலேயே இருப்பதால் நிறுவும் நிரல் சாவி கேட்காமல் பதிப்பைத் தானே எடுத்துக்கொள்ளும். கேட்டால் 'என்னிடம் சாவி இல்லை' என்று சொல்லி, ஹோம் சிங்கிள் லாங்குவேஜைத் தேர்ந்தெடுங்கள். முடிந்ததும் அப்டேட் அண்டு செக்யூரிட்டியில் ஆக்டிவேஷன் பக்கம் 'டிஜிட்டல் லைசென்ஸ்' என்று காட்டுகிறதா பாருங்கள்.

அதன் பிறகு விண்டோஸ் அப்டேட்டை, இனி ஒன்றும் இல்லை என்று சொல்லும்வரை இரண்டு மூன்று முறை ரீஸ்டார்ட் செய்து ஓட்டுங்கள். இறக்கும் பதிப்பு 2022-இல் வந்தது, நிலுவை நிறைய இருக்கும். எல்லாம் முடிந்தபின் அதே பக்கத்தில் ஈ.எஸ்.யு.வுக்கான 'என்ரோல் நவ்' இணைப்பு வரும். அன்றே சேர்ந்துவிடுங்கள். விண்டோஸ் 11 அழைப்பு மறுபடி வரும். 'ஸ்டே ஆன் விண்டோஸ் 10 ஃபார் நவ்' என்பதை அழுத்தச் சொல்லி மகனிடமும் சொல்லி வையுங்கள்.

கழற்றிய ஹார்டு டிஸ்க்கை ஒரு யு.எஸ்.பி. பெட்டியில் போட்டு, வேண்டிய கோப்புகளைப் புதியதற்கு நகல் எடுங்கள். 'இந்த ஃபோல்டருக்கு உங்களுக்கு அனுமதி இல்லை' என்று வந்தால் 'கன்டின்யூ' கொடுத்தால் போதும். இரண்டு ஜி.எஸ்.டி. தாக்கல் முடிந்து எதுவும் விடுபடவில்லை என்று தெரியும்வரை அதில் எதையும் அழிக்காதீர்கள். அதற்குப் பிறகு யாருக்காவது விற்பதாகவோ கொடுப்பதாகவோ இருந்தால் குவிக் ஃபார்மட் போதாது. குவிக் என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்துவிட்டுக் கொடுங்கள்.